இறங்காத கை

சென்ற ரபீயுல் அவ்வல் மாதத்தில் அடுத்த ஊரில் நடைபெற்ற மீலாது விழாவொன்றிற்குச் சென்றிருந்தேன். மருத்துவ உலகிற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைப் பற்றி இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு உரையாற்றினார். கலீபா ஹாரூன் அர்ரஷீதின் அரண்மனையில் நடந்ததாக ஒரு கதையை அவர் சொன்னபோது பந்தல் முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியிலிருந்து மட்டும் ஓசையேதும் இல்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் கூறுகிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

ஹிஜ்ரி 175, அதாவது கி.பி. 791-ஐ ஒட்டிய காலம். கலீபாவின் அந்தப்புரப் பெண்ணொருத்தி ஒருநாள் சோம்பல் முறிக்கக் கையை உயர்த்தினாள். உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றுவிட்டது. மடக்க முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. அரண்மனை மருத்துவர்கள் தைலங்களைப் பூசினர், தேய்த்தனர், ஒத்தடம் கொடுத்தனர். பயனில்லை. கலீபாவின் கவலையைக் கண்ட அமைச்சர் ஜஃபர் பின் யஹ்யா அல்பர்மகீ, சில நாட்களுக்கு முன் தம்மைக் குணப்படுத்திய ஓர் இளம் மருத்துவரைப் பற்றிச் சொன்னார். அவரே ஜிப்ரீல் இப்னு புக்தீஷூ.

ஜிப்ரீல் வந்தார். கலீபா கோபம் கொள்வதில்லை என்று வாக்களித்தால் தம்மிடம் ஓர் உபாயம் உண்டு என்றார். கலீபா இசைந்தார். பெண்ணை அவையோர் முன்னிலைக்கு அழைத்து வரச் செய்தார் மருத்துவர். அவள் வந்து நின்றதுதான் தாமதம், விரைந்து ஓடி, தலையைக் குனிந்து, அவளுடைய ஆடையின் கீழ் விளிம்பைப் பற்றித் தூக்கப் போகிறவர் போலப் பாவனை செய்தார். பெண் துடித்துப் போனாள். வெட்கம் அவளை உலுக்க, அத்தனை நாட்களாக இறங்காதிருந்த கை சட்டெனக் கீழே வந்து ஆடையைப் பற்றிக் கொண்டது. நோய் தீர்ந்தது என்றார் ஜிப்ரீல். கலீபா அவளை இருபுறமும் கைகளை நீட்டச் சொன்னார், நீட்டினாள். மருத்துவருக்கு 5 இலட்சம் திர்ஹம் பரிசாகக் கிடைத்தது. தலைமை மருத்துவர் பதவியும் கிடைத்தது.

கதை இவ்வளவுதான். திமிஷ்க் நகரத்து மருத்துவர் இப்னு அபீ உஸைபிஆ (மறைவு கி.பி. 1270), மருத்துவர்களின் வரலாறாகத் தொகுத்த ‘உயூனுல் அன்பா’ என்னும் நூலில் முந்தையோர் கூற்றாக இதனைத் தந்துள்ளார். அவருக்குச் சற்று முன்னர் வாழ்ந்த இப்னுல் கிஃப்தீயும் எழுதியுள்ளார். நிகழ்ச்சிக்கும் இவர்களுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பரிசுத் தொகையும் பதவியும் கதையின் இறுதியில் வந்து சேரும்போது, சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை இது என்ற ஐயம் எழத்தான் செய்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழாப் பேச்சாளர் ஜிப்ரீலை முஸ்லிம் மருத்துவர் என்றார். அவர் நஸ்தூரியக் கிறிஸ்தவர். ஜுந்தீஷாப்பூர் மருத்துவக் குடும்பத்தில் வந்தவர். பாட்டனார் ஜுர்ஜீஸை 765-இல் கலீபா மன்சூர் பக்தாதுக்கு அழைத்துக்கொண்டார். பிறர் பெருமையை நமதாக்கிக்கொள்ளாமலே நமக்குப் பெருமைகள் போதிய அளவு உண்டு.

ஆனால் கதையின் மையத்திலுள்ள நோய் கற்பனையன்று. அதை இன்றைய மருத்துவர் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். எலும்பு முறியவில்லை, நரம்பு அறுபடவில்லை, மூளையில் கட்டியில்லை, ஆயினும் கை இயங்கவில்லை. கை பழுதுபடாமல், கையை ஏவும் வழி தடைபட்டிருக்கும் நிலை இது. சிலருக்குக் கை கால் விழும். சிலருக்குக் குரல் போகும். சிலருக்குப் பார்வை மங்கும். சிலர் வலிப்பு வந்தவர் போல் விழுந்து துடிப்பர். சிலர் தம் பெயரையும் ஊரையும் மறந்து நிற்பர். சிலருடைய வாயிலிருந்து வேறொருவர் குரல் பேசும். இவற்றையெல்லாம் நெடுங்காலம் ஹிஸ்டீரியா என்ற ஒரே சாக்கில் கட்டி வைத்தார்கள். கிரேக்க மொழியில் கர்ப்பப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். கர்ப்பப்பை இடம்விட்டு உடலெங்கும் அலைவதால் வரும் நோய் என்று பண்டைய கிரேக்கர் சிலர் எண்ணினர். ஜாலீனூஸ் என்று அரபியர் அழைத்த கேலன், அப்படி அலைவதில்லை என்று மறுத்தார். எனினும் நோய் பெண்ணுக்கே உரியது என்ற எண்ணத்தை அவராலும் விட முடியவில்லை.

சிரித்துக் கலைந்த கூட்டம் கேட்காமல் விட்ட பகுதி ஒன்று கதையில் உண்டு. இது எப்படி நிகழ்ந்தது என்று கலீபா கேட்கிறார். உணர்ச்சியும் உடற்சூடும் மிகுந்த வேளையில் மெல்லிய நீர்மம் ஒன்று அவளுடைய உறுப்புகளில் பரவியது, அசைவு திடீரென நின்றதால் அது நரம்புகளுக்குள் உறைந்துவிட்டது, அதே போன்றதொரு சூட்டை எழுப்பினாலன்றி அது கரையாது, எனவே இவ்வாறு செய்தேன் என்று ஜிப்ரீல் விடையளிக்கிறார். அந்தக் காலத்து மருத்துவக் கொள்கை அவ்வளவே. கொள்கை இன்று நிற்காது. ஆனால் அவர் சொல்லாத சொல்லைக் கவனியுங்கள். அவள் நடித்தாள் என்று அவர் சொல்லவில்லை. கையை இறக்கிக் காட்டிய பின்னும் சொல்லவில்லை. அவளுடைய நோயை நோயாகவே மதித்து, அதற்கொரு காரணத்தைத் தேடினார். அவையில் அவளுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பை என்னால் ஏற்க இயலாது. எனினும் இந்த ஒன்றுக்காக அம்மருத்துவரை மதிக்கிறேன்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இப்னு ஸீனாவிடமும் (980–1037) இந்த மதிப்பு தொடர்கிறது. அவருடைய ‘அல்கானூன்’ நூலில் ‘இக்தினாக்குர் ரஹிம்’, அதாவது கர்ப்பப்பை நெரிவு என்ற தலைப்பில் ஒரு பகுதி உண்டு. காரணத்தைப் பொறுத்தவரை அவர் கிரேக்கர் வழியிலேயே செல்கிறார். ஆயினும் வலிப்பு நோயையும் இதனையும் ஒன்றாகக் குழப்பாமலிருக்க அறிகுறிகளை வேறுபடுத்திக் காட்டுகிறார். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு நோய்களை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துப் பார்க்க முயன்றது சிறு செயலன்று. காதல் நோயால் மெலிந்தவனின் நாடியைப் பிடித்துக்கொண்டே பெயர்களையும் தெருக்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவர, நாடி துள்ளும் இடத்தில் உண்மை வெளிப்படும் என்பதும் அந்நூலில் உள்ளதே. சொல்ல வாயில்லாத துயரை உடல் சொல்லும் என்பதை அவர் கண்டிருந்தார். ஆனால் இதையும் அவரே முதன்முதல் கண்டார் என்று மேடையில் முழங்க வேண்டாம். இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் ஒரு பெண்ணின் நாடியை இவ்வாறு சோதித்த வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்.

அதே ‘அல்கானூ’னில் மாலிக்கோலியா என்னும் மனச்சோர்வைப் பற்றிப் பேசுமிடத்தில் இப்னு ஸீனா கூறும் ஒரு கருத்து நம்மவர் காதுகளில் விழ வேண்டியது. இந்நோய் ஜின்னால் வருவதாகச் சில மருத்துவர்கள் கருதினர் என்று குறிப்பிட்டுவிட்டு, மருத்துவத்தைக் கற்கும் நமக்கு அது ஜின்னிடமிருந்து வந்ததா இல்லையா என்பது பொருட்டன்று என்கிறார். ஜின்னே காரணமாயினும் உடலின் தன்மையை மாற்றித்தானே நோயை உண்டாக்க வேண்டும். அந்த மாற்றத்தைச் சீர்செய்வதே மருத்துவன் வேலை என்பது அவர் வாதம். நம்பிக்கையோடு அவர் மோதவில்லை. அதைக் காரணமாக்கி மருத்துவத்தைக் கைவிடவுமில்லை.

இவர்களைவிட இப்பொருளில் ஆழ்ந்தவர் என்று நான் கருதுவது, நம் மதரஸாக்களில் பெயர்கூடக் கேட்டிராத ஓர் அறிஞரை. அபூ ஸைத் அல்பல்கீ. பல்க் நகருக்கருகே ஒரு சிற்றூரில் 850-ஐ ஒட்டிப் பிறந்தவர். தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமையில் இராக்குக்குச் சென்று கல்வி பயின்று ஊர் திரும்பினார். புவியியல் அறிஞர் என்றே பலரும் அறிவர். 934-இல் மறைந்த இவர் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’, உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். அதன் கையெழுத்துப் படி இஸ்தான்புல்லின் அயாசோஃபியா நூலகத் தொகுப்பில் கிடந்தது. 1984-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபுர்ட் நகரில் அதனை நிழற்படியாக அச்சிட்டனர். சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ அதன் இரண்டாம் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013-இல் வெளியிட்டார்.

அந்த இரண்டாம் பகுதி எட்டு இயல்கள் கொண்டது. முழுவதும் உள்ளத்தின் நலம் பற்றியது. மனிதன் உடலும் உள்ளமும் இணைந்தவன். உடல் நோயுற்றால் உள்ளம் தெளிவிழக்கிறது. உள்ளம் துன்புற்றால் உடல் தன் இன்பத்தை இழந்து நோய்க்கும் ஆளாகலாம் என்பது அவர் அடிப்படை. தம் காலத்து மருத்துவர்கள் உடலை மட்டும் பார்க்கிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறார். சில உடல் நோய்களை வாழ்நாள் முழுவதும் காணாதவர் இருக்கலாம், துக்கமும் சினமும் அச்சமும் தீண்டாதவர் எவருமில்லை, அப்படியிருக்க இதற்கு மருத்துவம் எழுதாமல் விடுவது எப்படி நியாயம் என்று கேட்கிறார். துக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: காரணம் தெரிந்தது ஒன்று, காரணம் தெரியாமல் நெஞ்சை அழுத்துவது மற்றொன்று. பின்னதற்கு உடல் சார்ந்த மருந்து வேண்டும் என்கிறார். முன்னதற்கு இரண்டு வழிகள் சொல்கிறார். நல்லறிவுடையோர் பேச்சு வெளியிலிருந்தும், தானே தேடி வைத்த எண்ணங்கள் உள்ளிருந்தும் உதவ வேண்டும். அவசரத்துக்கென வீட்டில் மருந்துகளைச் சேர்த்து வைப்பது போல, நலமாக இருக்கும் நாளிலேயே நல்லெண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள் என்று அறிவுறுத்துகிறார். இந்த இயல்களை நான் முதன்முதல் படித்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருபதில் படித்திருக்கலாகாதா என்று ஏங்கினேன்.

பல்கீ தொட்ட கருத்து, அவர் நாட்டிலும் பின்னர் வளர்ந்து பெருகவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் இந்நோய் மீண்டும் அவையேறியது. அவை என்று நான் சொல்வது அணிக்காக அன்று. பாரீஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மேதை சார்க்கோ (1825–1893) பார்வையாளர் நிறைந்த மண்டபத்தில் நோயாளிப் பெண்களை நிறுத்தி விளக்கவுரை நிகழ்த்துவார். வசியத் துயிலில் ஆழ்த்தி, ஒரு சொல்லால் கையை விழச் செய்வார், மறுசொல்லால் எழச் செய்வார். மருத்துவர்களோடு எழுத்தாளர்களும் வேடிக்கை பார்ப்போரும் கூடினர். 1887-இல் ஓவியர் ஒருவர் அக்காட்சியைப் பெரிய திரையில் தீட்டினார். பக்தாதின் அரண்மனைப் பெண்ணுக்கும் பாரீஸின் இப்பெண்களுக்கும் நோய் மட்டுமா ஒன்று? ஆண்கள் சூழ்ந்த அவையில் நிறுத்தப்பட்ட நிலையும் ஒன்றே. அங்கே மிகுதியாகப் புகைப்படம் எடுக்கப்பட்டவள் அகஸ்டின் என்னும் சிறுமி. அம்மருத்துவமனைக்கு வருமுன்பே மானக்கேடான கொடுமைக்கு ஆளானவள். 1880-இல் ஆண் உடை தரித்து அங்கிருந்து தப்பி ஓடிவிட்டாள். சார்க்கோவுக்குரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் பொய்யர்கள் அல்லர், இது மெய்யான நோய், ஆண்களுக்கும் வரும் என்று அவர் உரக்கச் சொன்னார்.

நோயின் உள்வழியை விளக்கியவர் அவருக்குப் பின் வந்த பியேர் ஜானே. 1889-இல் வெளிவந்த நூலில் அவர் சொன்னதை நம் ஊர்க் கயிற்றைக் கொண்டு விளக்கலாம். நினைவு, உணர்வு, அசைவு, ‘நான்’ என்னும் எண்ணம் ஆகியவை முறுக்கேறிய புரிகளாக இணைந்திருக்கும்போதுதான் மனம் ஒரே கயிறாக இருக்கிறது. தாங்கவொண்ணாத அதிர்ச்சி ஒன்று வந்தால் முறுக்கு தளர்ந்து ஒரு புரி தனியே பிரிந்துவிடும். பிரிந்த புரி அழிவதில்லை, தன்போக்கில் இயங்குகிறது. நினைவுப் புரி பிரிந்தால் மறதி. அசைவுப் புரி பிரிந்தால் கை விழுகிறது. ‘நான்’ என்னும் புரி பிரிந்தால் வேறொருவராகப் பேச்சு எழுகிறது. இதனை விலகல் நோய் என்று நாம் தமிழில் சொல்லலாம்.

வியன்னா நகரத்து மருத்துவர் பிராயரும் ஃபிராய்டும் சேர்ந்து 1895-இல் வெளியிட்ட நூலில் ‘அன்னா ஓ.’ என்ற புனைபெயரில் ஒரு பெண் வருகிறாள். 1880-இல் நோயுற்ற தந்தைக்கு இரவும் பகலும் பணிவிடை செய்து வந்தவள். ஒரு நாளிரவு படுக்கையருகே அமர்ந்திருக்கையில், நாற்காலியின் முதுகின் மேல் கிடந்த வலக்கை மரத்துப் போக, பாம்பொன்று தந்தையை நெருங்குவதாகக் கண்டு அஞ்சினாள். தடுக்க முயன்றாள், கை வரவில்லை. அந்தக் கை பின்னர் விறைத்தே போயிற்று. தாய்மொழியான ஜெர்மன் பேச வராமல் ஆங்கிலத்தில் மட்டுமே பேசிய நாட்களும் உண்டு. பேசப் பேச நோய் தீர்ந்தது என்று நூல் முடிந்தது. ஆனால் சிகிச்சை முடிந்ததாகச் சொல்லப்பட்ட 1882-ஆம் ஆண்டிலேயே அவள் வேறொரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள் என்பதை ஆய்வாளர்கள் பிற்காலத்தில் ஆவணங்களிலிருந்து கண்டெடுத்தனர். ஜிப்ரீலின் கதையைப் போலவே இதுவும் முடிவில் மெருகு பெற்ற கதைதான். அவளுடைய உண்மையான முடிவு இன்னும் சிறப்பானது. பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அப்பெண் நலம் பெற்று, ஆதரவற்ற பெண்களுக்காக உழைத்து, 1904-இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தையே நிறுவினாள்.

பெண்களின் நோய் என்ற பழங்கதையை முடித்து வைத்தது முதல் உலகப் போர். 1914 முதல் 1918 வரை பதுங்கு குழிகளிலிருந்து மீண்ட ஆயிரக்கணக்கான வீரர்கள், மேனியில் காயமின்றியே பேச்சிழந்தனர், பார்வையிழந்தனர், நடக்க இயலாமல் நடுங்கினர். கோழைகள் நடிக்கிறார்கள் என்றனர் தளபதிகள். கோழைத்தனத்துக்காகவும் படையை விட்டு ஓடியதற்காகவும் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் படைவீரர்களுள் 306 பேருக்கு 2006-இல் அந்நாடு மன்னிப்பு வழங்கியது. அவர்களிலே இந்நோயால் சிதைந்திருந்தோரும் உண்டு. மன்னிப்பைக் கேட்க அவர்களில் எவரும் உயிரோடு இல்லை.

இன்றைய நிலையைச் சுருங்கச் சொல்கிறேன். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டிலிருந்து ஹிஸ்டீரியா என்ற பெயரை நீக்கி, உடலில் வெளிப்படுவனவற்றை ஒரு பிரிவாகவும் விலகல் நோய்களை மற்றொரு பிரிவாகவும் வகுத்தது. 2013-இல் வந்த திருத்தம் மேலும் முக்கியமானது. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதே அதுவரை அடையாளமாக இருந்தது. இப்போது அப்படியன்று. வலிக்குக் காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்த வலியைப் பற்றிய அச்சமும் கவலையும் ஒருவரின் நாட்களை விழுங்கிவிடுமானால் அதுவே சிகிச்சைக்குரிய துன்பம். சபுராளிகளின் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணவர் கடல் கடந்திருக்க, ஆண்டுக்கணக்கில் நெஞ்சுப் படபடப்பும் முதுகுவலியுமாக மருத்துவர் மாற்றி மருத்துவரிடம் செல்லும் நம் பெண்களை நாமெல்லாம் பார்த்தே இருக்கிறோம். “ஒன்றுமில்லை” என்ற விடையோடுதான் அவர்கள் திரும்புகிறார்கள்.

கை கால் விழுந்தவருக்கும் இன்று நேரடியான சோதனைகள் உண்டு. ஹூவர் என்னும் மருத்துவர் 1908-இல் கண்டறிந்த முறையொன்றைச் சொல்கிறேன். படுத்திருக்கும் நோயாளியிடம், செயலற்ற காலைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னால் வலுவே இராது. நல்ல காலை மேலே தூக்கச் சொன்னால், அவர் அறியாமலே மற்றக் கால் முழு வலுவோடு படுக்கையை அழுத்தும். நரம்பு அறுபடவில்லை, ஏவும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்பது இதனால் புலனாகும். முற்காலத்தில் இதைக் குற்றச்சாட்டுப் போலக் காட்டினர். இன்று நல்ல மருத்துவர்கள், பாருங்கள், உங்கள் காலில் வலு இருக்கிறது, அதை மீட்க முடியும் என்று நோயாளிக்கே காட்டி நம்பிக்கை ஊட்டுகின்றனர். நோயைப் புரியவைத்தல், உடற்பயிற்சிச் சிகிச்சை, பேச்சுவழிச் சிகிச்சை, மனச்சோர்வு இருப்பின் மருந்து ஆகியவையே வழி. பலருக்கு இது மாதங்கள் எடுக்கும். பக்தாதில் நடந்ததுபோல் ஒரு நொடியில் முடிவதில்லை.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. இப்பெயரை அவசரப்பட்டு எவருக்கும் சூட்டலாகாது. 1965-இல் எலியட் ஸ்லேட்டர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், ஹிஸ்டீரியா என்று முடிவு கட்டப்பட்ட 85 பேரின் பிற்கால நிலையை ஆராய்ந்து, பாதிக்கு மேற்பட்டோருக்கு உடலிலேயே நோய் இருந்தது என்று எழுதினார். சோதனை முறைகள் செம்மையுற்றதால் அத்தகைய தவறு 1970-களுக்குப் பின் நூற்றுக்கு நான்கு அளவுக்குக் குறைந்திருப்பதாக 2005-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. எனவே நரம்பியல் மருத்துவரின் முறையான பரிசோதனை முதலில் வேண்டும். அதன் பின்னரே மற்றவை.

இனி, நான் சிரிக்காத காரணம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் மகளை என்னிடம் அழைத்து வந்தார். பதினெட்டு வயது. நிக்காஹ் பேசி நாள் குறித்திருந்தார்கள். அவளுடைய வலக்கை விரல்கள் மடங்கி முஷ்டியாகவே நின்றுவிட்டன. மருத்துவமனையொன்றில் படங்கள் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். ஓதித் தரும்படி கேட்டார். ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தேன். ஜின் என்ற படைப்பு உண்டென்பது நம் ஈமானில் அடங்கியது. ஓதிப் பார்ப்பதும் நம்மிடம் உள்ளதே. அதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. ஒருவாரம் கழித்து அந்தத் தந்தை மீண்டும் வந்தார். மகள் உறங்கும்போது விரல்கள் தளர்ந்து விரிவதைத் தாயார் கண்டதாகச் சொன்னார். அப்படியானால் நடிக்கிறாள், கண்டியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்டித்தார். எப்படிக் கண்டித்தார் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு இரண்டு நாள் உணவு இறங்கவில்லை.

அந்தப் பெண்ணின் தாய்மாமன் அவளை வேறு நகருக்கு அழைத்துச் சென்று மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டினார். ஐந்தாறு மாதங்களில் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அந்தத் திருமணத்தில் அவளுக்கு விருப்பமுண்டா என்று வீட்டில் எவரும் கேட்டதில்லையாம். முதன்முதலாகக் கேட்டவர் அந்த மருத்துவர்தான். நானும் கேட்கவில்லை. நிக்காஹுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்று ஆண்டுதோறும் ஃபிக்ஹு பாடம் நடத்துகிறவன் நான்.

‘மஜ்னூன்’ என்ற அரபுச் சொல்லுக்கு வேர் ஜீம், நூன், நூன். மறைத்தல் என்பது பொருள். கண்ணுக்கு மறைந்ததால் ஜின்; தாயின் வயிற்றில் மறைந்ததால் ஜனீன்; மரச்செறிவால் மறைந்ததால் ஜன்னத். அறிவு மறைக்கப்பட்டவன் மஜ்னூன். இதை நான் மாணவர்களுக்கு உற்சாகமாகச் சொல்லி வந்திருக்கிறேன். மறைந்திருப்பது என்னவென்று பார்க்க எனக்குத் தோன்றாமற்போயிற்று.

இவற்றையெல்லாம் எழுதும்போது ஏர்வாடியைக் குறிப்பிடாமல் செல்வது நேர்மையாகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் கூரை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களின் நோய்கள் பலவகை. இக்கட்டுரையின் நோய் மட்டுமன்று. ஆயினும் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட எண்ணம் ஒன்றுதான். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டலாகாது என்று 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்தது. ஏர்வாடியிலேயே அரசின் மனநல மருத்துவர்கள் அமர்ந்து, வருவோருக்கு மருந்து வழங்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. தவாவும் துஆவும் என்று அதற்குப் பெயரிட்டார்கள். துஆ செய்ய வந்தவரை விரட்டாமல் தவாவையும் கையில் கொடுத்து அனுப்பும் இந்த முறையைக் கண்டிருந்தால் இப்னு ஸீனா மகிழ்ந்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

ஹாரூனின் அவையில் ஆடையைப் பற்றிக்கொண்ட பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஸஹீஹுல் புகாரீயில் நோயாளிகள் பற்றிய பகுதியில் வரும் ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாஉ பின் அபீ ரபாஹ் அவர்களுக்குக் காட்டிய பெண்மணி. கறுத்த நிறத்தவர். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தாம் நோயால் கீழே விழுந்துவிடுவதாகவும் அப்போது தம் ஆடை விலகிவிடுவதாகவும் முறையிட்டுத் துஆ செய்யும்படி வேண்டினார். விரும்பினால் பொறுமை கொள்ளலாம், சுவனம் உண்டு; விரும்பினால் குணமாகத் துஆ செய்கிறேன் என்று இரண்டையும் அவர் முன் வைத்து, முடிவை அவரிடமே விட்டார்கள் நாயகம் (ஸல்). அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்துகொண்டார். ஆடை மட்டும் விலகாதிருக்கத் துஆ செய்யுங்கள் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறே துஆ செய்தார்கள்.

அது எவ்வகை நோய் என்று இன்று நாம் முடிவு கட்ட வேண்டியதில்லை. பிற்காலத்தில் கஅபாவின் திரையருகே அந்த நெடிய கறுத்த பெண்மணியைத் தாம் கண்டதாக அதாஉ (ரஹ்) கூறுகிறார். அவர் பெயர் உம்மு ஸுஃபர் என்பதும் அங்கே பதிவாகியுள்ளது. ஹாரூனின் அரண்மனையில் ஐந்து இலட்சம் திர்ஹத்தைப் பெற்றவரின் பெயரும் அவர் தந்தையின் பெயரும் பாட்டனாரின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. கை இறங்காமல் நின்ற அந்தப் பெண்ணின் பெயரை, நான் பார்த்த எந்த நூலிலும் காணவில்லை.